சக்கரம் புதுப்பேட்டையில், நெருப்பு அடையாறில்

எழும்பூருக்குத் தெற்கே, கூவத்தின் கரையில் இருக்கும் புதுப்பேட்டையில், உடைத்த வண்டியின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி விலை உண்டு. பழைய டர்போ வாங்க வருகிறவர் முதலில் செய்வது ஒன்றுதான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். லேசான ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. இதழ்களின் நுனி உறையில் உரசித் தேய்ந்திருந்தால் பேரம்கூடப் பேசாமல் கீழே வைத்துவிடுவார்.

பிரித்தால், ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். ஒன்று அலுமினியம்; மற்றது கரி படிந்த நிக்கல் கலவை. லாரி வெளியே தள்ளும் சூடான புகை கரிச்சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சேர்ந்து சுழலும் அலுமினியச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். வீணாகப் போகும் புகையிடமும் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது, 1982-இல் உருவான டர்போ எனர்ஜி நிறுவனம். அதன் ஜெர்மன் கூட்டாளி கே.கே.கே.; அது பிற்பாடு போர்க்வார்னரோடு சேர்ந்தது. பாரத் ஸ்டேஜ் புகை விதிகள் இறுக இறுக, டர்போ இல்லாத டீசல் வண்டி அரிதாகிப்போனது. புதிதாக ஓடும் வண்டிகளில் பெருகியது சில ஆண்டுகள் கழித்துப் பழைய சாமானாகப் புதுப்பேட்டைக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது லாரி என்ஜினை நடுவிலிருந்து எடுத்துவிடுவோம். அலுமினியச் சக்கரம் அமுக்கும் காற்றை ஒரு குழாய்க்குள் விட்டு, அங்கே எரிபொருளைக் கொளுத்தி, அந்த வெப்பக் காற்றால் கரிச்சக்கரத்தைச் சுழற்றினால் அதன் பெயர் ஜெட் என்ஜின். வீட்டுப் பட்டறையில் மாதிரி ஜெட் செய்கிறவர்கள் பலர் தொடங்கும் இடம் இதுதான். கேட்க எளிது. சிக்கலெல்லாம் அந்த "கொளுத்தி" என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

ஜெட் என்ஜினின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் உண்டு. 1930-களின் நடுவில், ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹான்ஸ் ஃபான் ஓஹைன், தன் காரைப் பழுதுபார்த்த மெக்கானிக் மாக்ஸ் ஹானிடம் வரைபடத்தைக் கொடுத்து முதல் மாதிரியைச் செய்யச் சொன்னார். மெக்கானிக் ஷெட்டில் சக்கரம் உருவாகிவிட்டது. நெருப்புதான் உள்ளே நிற்கவில்லை. எரிபொருள் அறைக்குள் எரிந்து முடியாமல், தீ டர்பைனைத் தாண்டி வெளியே பாய்ந்தது. விமானத் தொழிலதிபர் ஹெய்ங்கெல் இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்ட பிறகும் ஓஹைன் அந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டுதான் போனார். அடுத்த என்ஜினுக்கு ஹைட்ரஜனை ஊட்டினார். அது சொன்னபடி எரியும். திரவ எரிபொருளில் ஓடிய என்ஜினோடு ஹெய்ங்கெல் 178 விமானம் பறந்தது 1939 ஆகஸ்ட் 27 அன்று.

இங்கிலாந்தின் ரக்பியில் ஃபிராங்க் விட்டில் 1937 ஏப்ரல் 12 அன்று தன் என்ஜினை முதன்முதலாக ஓட்டியபோது, அது கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தது. எரிபொருள் வால்வை மூடியும் நிற்கவில்லை. உள்ளே ஏற்கெனவே தேங்கியிருந்த எரிபொருள் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் விட்டிலை அதிகம் வாட்டியது எரியறைதான். 1940-இல் ஷெல் நிறுவனத்தின் ஐசக் லப்பக் கொடுத்த பர்னர் வந்த பிறகே அந்த வேலை சீரானது.

பெரிய என்ஜின்கள் போர் விமானம், பயணிகள் விமானம் என்று வளர்ந்தன. ஜெட் என்ஜினை மேசைமேல் வைக்கும் அளவுக்கு, வீட்டிலேயே செய்யும்படி சுருக்கிக் காட்டியவர் கர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜெர்மானியர். 1990-களின் தொடக்கத்தில் வெளியான அவருடைய எஃப்.டி. 3 என்ஜினில் காற்றை அமுக்கும் சக்கரம் ஒட்டுப்பலகையால் ஆனது! அதன்மேல் கார்பன் இழை சுற்றியிருந்தார். டர்பைன் சக்கரத்தைத் தகட்டில் வெட்டி, இதழ்களை முறுக்கிச் செய்தார். அவருக்குப் பின்னால் வந்த தாமஸ் காம்ப்ஸ் போன்றவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. டர்போ சக்கரம் கடையிலேயே கிடைத்தது. உலகெங்கும் பட்டறைகளில் செய்யப்பட்ட கே.ஜே.66 என்ஜினின் பெயரில் உள்ள 66, அந்தச் சக்கரத்தின் குறுக்களவு, மில்லிமீட்டரில். அது கே.கே.கே. டர்போவுக்காக வார்த்த சக்கரம். ஜெர்மன் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்ட சக்கரமும் நம்மூர் டர்போவும் ஒரே குடும்பம்.

அந்தச் சக்கரத்தின் கணக்கைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1,15,000 சுற்று என்று வைத்தால், விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர், ஒலியை மிஞ்சுகிறது. விளிம்பில் ஒரு பக்கம் 1 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அது தண்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய அரை டன். அதனால்தான் பேலன்ஸிங்கின்போது அலுமினியத்தைத் தூசு தூசாகச் சுரண்டி எடுக்கிறார்கள். பேரிங் அளவு 608: 8 மில்லிமீட்டர் உள்துளை, 22 மில்லிமீட்டர் வெளிவட்டம். ஸ்கேட்டிங் சக்கரத்திலும் அதே அளவுதான்; ஜெட்டுக்கு மட்டும் உள்ளே இருக்கும் குண்டுகள் பீங்கான். தனியாக ஆயில் பம்ப் கிடையாது. எரிபொருளில் 5 சதவீதம் டர்பைன் ஆயிலைக் கலந்து, அதில் ஒரு பங்கைப் பேரிங்குக்குத் திருப்பிவிடுகிறார்கள். முழு டர்போவை அப்படியே வைத்துச் செய்தால் இந்தச் சலுகை இல்லை. அதன் பேரிங் ஆயில் அழுத்தத்தில் மிதப்பது. பம்ப், ஆயில் கூலர் எல்லாம் வேண்டும். எடை காரணமாக அந்த என்ஜின் பறக்காது, மேசையோடு சரி.

இதெல்லாம் கடினம்தான், ஆனால் இவற்றுக்கு வழி தெரிந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தண்டு கடைய கிண்டி தொழிற்பேட்டையில் லேத் உண்டு. மெல்லிய தகட்டை ஓட்டை விழாமல் ஒட்ட ஆர்கான் வெல்டர் உண்டு. வெளி உறைக்கு ஜெர்மன்காரர்கள் கேம்பிங் காஸ் டப்பாவை வெட்டினார்கள், நமக்குத் தி. நகர் பாத்திரக்கடைகளில் இணைப்பில்லாமல் இழுத்த எவர்சில்வர் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. டப்பாவின் மூடியை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வரை போகும். 11 சென்டிமீட்டர் மூடியை அது 90 கிலோவுக்கு மேல் தள்ளும். போல்ட் போட்டே ஆக வேண்டும்.

கடையில் கிடைக்காதது உள்ளே இருக்கும் எரிகுழாய். அரை மில்லிமீட்டர்கூடத் தடிமனில்லாத ஸ்டெயின்லெஸ் தகடு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். முன்பக்கம் சிறியவை, பின்பக்கம் பெரியவை. முன்துளைகள் வழியே வரும் காற்று எரிவதற்கு. பின்துளைகள் வழியே வருவது, சுமார் 2,000 டிகிரியில் கொதிக்கும் வாயுவை டர்பைன் தாங்கும் அளவுக்குத் தணிப்பதற்கு. உள்ளே வரும் காற்றில் மூன்றில் ஒரு பங்குகூட எரிய உதவுவதில்லை. மீதியெல்லாம் நெருப்பை அடக்கவே செலவாகிறது. எரிபொருள் தெளிக்கப்படுவதும் இல்லை. அது ஆறு சிறு குழாய்களுக்குள் சென்று, குழாயின் சூட்டிலேயே ஆவியாகி வெளிவந்து எரியும். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் நடப்பதும் இதேதான். இங்கே வீசும் காற்று மட்டும் புயல். துளை அதிகமானால் தீ அணையும். குறைந்தால் தீ நீண்டு டர்பைனை நக்கும். ஓஹைனுக்கு நடந்தது, அதே காரணத்துக்காக, இன்றும் நடக்கும்.

அடையாறில், 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய ஐ.ஐ.டி. வளாகத்துக்குள், எரிதலை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. டர்போ சக்கரத்தைப் புதுப்பேட்டையில் விரலால் ஆட்டிப் பார்த்து வாங்கிவிடலாம். நெருப்பு எங்கே நிற்கும், எப்போது அணையும் என்பதைச் சொல்ல லேசரும் கணினியும் முனைவர் பட்டங்களும் இன்னும் தேவைப்படுகின்றன.

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இந்த என்ஜினைச் செய்யலாம், ஓட்டக் கூடாது. இரைச்சல் முதல் காரணம். சக்கரம் உடைந்தால் துண்டுகள் அது சுழலும் தளத்திலேயே பாயும் என்பது அதைவிடப் பெரிய காரணம். திறந்த வெளியில், பக்கவாட்டில் நிற்காமல், தீயணைப்பானோடு ஓட்ட வேண்டும். முதல்முறை பற்றவில்லையென்றால், மறுபடி முயல்வதற்கு முன் உள்ளே தேங்கிய எரிபொருளைக் கவிழ்த்து வடிக்க வேண்டும். விட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஓடவைத்தது அந்தத் தேக்கம்தான்.

எனவே இந்த வேலையில் இறங்க நினைப்பவருக்கு ஒரு யோசனை: பளபளக்கும் சக்கரத்தைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் எரிகுழாயைச் செய்து, ஒரு புளோயரால் காற்றடித்து, பின்முனையில் தீ எட்டிப் பார்க்காமல் நின்று எரிகிறதா என்று சோதியுங்கள். அது நிற்கும்வரை துளைகளை மாற்றிக்கொண்டே இருங்கள். தகடு மலிவு, வீணானால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். சக்கரத்தை வார்த்த தொழிற்சாலை தன் வேலையை முடித்துவிட்டது. ஜெட் என்ஜினில் நீங்கள் செய்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய பகுதி அந்தத் தகடுதான்.