கள்ளும் களவும் பதவித் தகுதியும்

பொதுப்பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்குமுன், அவர் மதுவுக்கு அடிமைப்பட்டவரா, கைசுத்தம் உடையவரா என்று கேட்பது இக்காலத்தில் தோன்றிய வழக்கமன்று. தமிழகம் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் பொறித்துள்ளது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை வழியாக ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை இவை விளக்குகின்றன. இரண்டாம் கல்வெட்டின்படி உறுப்பினருக்கு வயது 35 முதல் 70 வரை இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய தந்தை, மகன், மருமகன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். ஐம்பெரும் பாவங்களுள் முதல் நான்கைச் செய்தவருக்கும் இடமில்லை. மது அருந்துதலும் களவும் அந்நான்கில் அடங்கும். பொன் வாரியத்துக்குக் கள்ளக் கையெழுத்திட்டவரின் பெயரை எழுதலாகாது என்னும் தனி விதியும் உண்டு.

இவற்றுள் ஒரு விதி நம் சிந்தனைக்குரியது. பிராயச்சித்தம் செய்து தூய்மை பெற்றவராயினும், சில குற்றங்களுக்கு உட்பட்டோரின் பெயர் உயிருள்ளளவும் குடத்தில் இடப்படலாகாது. ஊரார் ஒருவரை ஏற்றுக்கொள்வது வேறு, ஊர்ப்பொருளுக்கு அவரைக் காவலராக்குவது வேறு என்று அச்சபையார் கருதினர்.

ஆயினும் இவ்விதிகளை முற்றிலும் புகழ்வதற்கில்லை. அது நிலமுடைய அந்தணரின் சபை. உழுகுடிகளுக்கு அதில் இடமில்லை. சடங்குத் தீட்டையும் நாணயக்கேட்டையும் அவர்கள் ஒரே பட்டியலில் வைத்தனர். தந்தையின் குற்றத்தை மகன்மேல் சுமத்தினர். எசேக்கியேல் தீர்க்கதரிசி மறுத்தது இதையே அன்றோ?

ஆளைச் சோதிப்பது மட்டும் போதாது என்பதற்கு நம் புதுக்கோட்டையே சான்று. இச்சமஸ்தானத்தில் நிலவிய அமானி முறையில் விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொண்டனர். பங்கு பிரிக்குமுன் தானியத்தை மறைக்கக் குடியானவருக்கும், கையூட்டுப் பெறச் சிற்றதிகாரிகளுக்கும் அது வழிவகுத்தது. 1878இல் இங்குப் பொறுப்பேற்ற திவான் சேஷையா சாஸ்திரி அம்முறையை நீக்கிப் பணவரியை ஏற்படுத்தினார். திருட்டுக்கு இடங்கொடுத்த வாயிலையே அவர் அடைத்தார் எனலாம்.

இன்றைய இந்தியச் சட்டமும் இவ்விரு குற்றங்களையும் கருதுகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்ச் சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையான பின்னும் 6 ஆண்டுகள் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க இயலாது. தக்க காரணமின்றித் தேர்தல் செலவுக் கணக்கைக் காட்டாதவரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகள் தகுதிநீக்கம் செய்யலாம். உத்திரமேரூரின் ஆயுட்காலத் தடை இங்குக் காலவரையறை உடையதாயிற்று. உறவினர்மேல் பழி விழுவதும் இல்லை.

திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபமும் கண்காணியின் தகுதியைக் கூறுகையில் குடியையும் பொருளாசையையும் ஒருங்கே விலக்குகிறது; உதவிக்காரர் முதலில் சோதிக்கப்படவேண்டும் என்கிறது. நம் சேகரக் குழுக்களில் மனந்திரும்பிய ஒருவரைப் பொருளாளராக்கலாமா என்னும் வினா எழும்போது, இரக்கத்தின் பெயரால் அவசரப்படுகிறோம். அல்லது கண்டிப்பின் பெயரால் என்றைக்குமாக ஒதுக்குகிறோம். திருவிருந்துப் பந்தியில் அவருக்கு இன்றே இடமுண்டு. காணிக்கைப் பெட்டியின் சாவியை ஒப்படைக்கச் சில ஆண்டுகள் பொறுத்திருப்பதும், எவர் கையில் அது இருப்பினும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பதும் அவருக்கும் சபைக்கும் நன்மையே.