மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களும் நாங்கள் இல்லாத காலைகளும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு மாணவன் முதலாம் பாடம் முடிகிற நேரத்தில்தான் வகுப்புக்கு வந்தான். கேட்டால், "சேர், எங்கட அப்பான்ர பிக்கப் காலமை ஸ்டார்ட் ஆகேல்ல. மூண்டு பேர் தள்ளினம். வெள்ளைப் புகைதான் வந்தது" என்றான். பிறகு அவனே சொன்னான்: "அம்மப்பா சிரிக்கிறார் சேர். அந்தக் காலத்தில டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயிலயே ஓட்டினனாங்கள், இது ஒரு பிரச்சினையே எண்டு கேக்கிறார்."

வகுப்பே சிரித்தது. பின் வாங்கிலில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், உங்கட ஆக்களும் அப்ப மண்ணெண்ணெயிலதான் ஓடினவையே?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அந்தக் கேள்விக்கு வகுப்பில் சொன்ன பதில் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த பிக்கப்பின் வெள்ளைப் புகையைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைச் சுமார் 20 இல் ஒரு பங்காக நெருக்கும்போது அந்தக் காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாகும். அந்தச் சூட்டில் விசிறப்படும் டீசல் தானாகவே பற்றும். 1897 இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படையும் இதுதான்.

குளிர்ந்த காலையில் நெருக்கப்பட்ட காற்றின் சூட்டை, குளிர்ந்த இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சின் ஒயில் தடித்துப்போவதால் சுற்றுவது பாரமாகிறது. பற்றரியும் அந்த நேரத்தில்தான் சோர்ந்து கிடக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், நெருங்கிய காற்று சிலிண்டரின் ஓரங்களால் கசியவும் சூட்டை இழக்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. டீசல் பற்றாமல் ஆவியாக வெளியே வருகிறது. அதுதான் வெள்ளைப் புகை. இதற்காகத்தான் பிக்கப்புகளில் குளோ பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு சின்ன விளக்கு எரியுமே, அது அணையும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஏது குளிர் என்று கேட்பீர்கள். உண்மைதான். மார்கழி விடியலிலும் இங்கே 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லில் உறைபனி பூக்கும். கனடாவில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால், இரவில் வாகனத்தின் எஞ்சினுக்கே மின்சார வயர் கொழுவிச் சூடாக்கி வைக்கும் கதையைச் சொல்வார்கள். எங்கள் ஊரில் குளோ பிளக் பழுதாகி, பற்றரியும் பழசாக இருந்தால்தான் காலைக்குளிர் ஒரு பிரச்சினை. ஆனால் பற்றரியும் எரிபொருளும் சேர்ந்து இல்லாமல் போன ஒரு காலம் இங்கே இருந்தது. அம்மப்பா சொன்னது அதைத்தான்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களாகின. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. விளக்குக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான், தோட்டத்துக்கும் அதுதான், வாகனத்துக்கும் அதுதான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் படித்தவர்கள் இன்று எங்களோடு ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

பெற்றோல் காருக்கு மண்ணெண்ணெய் விட்டால் சூடான பிறகு ஓடும், குளிரில் தொடங்காது. பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் சுமார் 40 பாகை அளவுக்குச் சூடானால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். ஆகவே குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கிவிட மட்டும் கொஞ்சம் பெற்றோல் தேவை. சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோலைப் பொன் மாதிரிப் பொத்தி வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு, முன்பக்கம் கைபிடி போட்டுச் சுற்றுவார்கள். எஞ்சின் பற்றிச் சூடேறும்வரை அந்தத் துளிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் பொறுப்பேற்கும்.

எல்லாக் காரும் இதற்குச் சரிவராது. மண்ணெண்ணெய்க்கு நெருக்கம் கூடினால் எஞ்சின் இடிக்கத் தொடங்கிவிடும். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் மாதிரிப் பழைய கார்களில் நெருக்க விகிதம் 7 ஐச் சுற்றித்தான். அதனால் அவை தாங்கின. கொட்டிலுக்குள் கோழி அடைகாத்துக் கிடந்த கார்கள் மறுபடி வீதிக்கு வந்ததற்கும், அவற்றைவிடப் புதிய ஜப்பான் கார்கள் வீட்டிலேயே நின்றதற்கும் காரணம் இதுதான். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்து எஞ்சினைத் தின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெட்டித்தனத்துக்கும் ஒரு விலை இருந்தது.

டீசல் வாகனங்களின் கதை வேறு. மண்ணெண்ணெய் டீசல் எஞ்சினில் எரியும். கடுங்குளிர் நாடுகளில் டீசலுக்குள் இருக்கிற மெழுகு உறைந்து வடியை அடைத்துவிடாமல் இருக்க, மண்ணெண்ணெய் வகை எண்ணெயைக் கலப்பது வழக்கமான வேலை. ஆனால் டீசலுக்கு இருக்கிற வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. எரிபொருளை விசிறும் பம்புக்கு அந்த டீசலே மசகும்கூட. வெறும் மண்ணெண்ணெயில் ஓடினால் பம்பு தேய்ந்துபோகும். அதனால்தான் கொஞ்சம் ஒயில் கலந்து விட்டார்கள். பம்பு தேய்ந்தால் விசிறும் அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் காலையில் பற்றாது. பற்றரி இல்லாததால் ஸ்டார்டரும் இல்லை, குளோ பிளக்கும் இல்லை. மலைநாட்டுச் சாரதி வாகனத்தைச் சரிவில் நிறுத்தி வைத்தால் காலையில் உருட்டிவிடலாம். எங்கள் குடாநாட்டில் சரிவுக்கு எங்கே போவது? தட்டை நிலம். தள்ளத்தான் வேண்டும். தள்ளுவதற்கு அயல் வேண்டும்.

இந்த வித்தையெல்லாம் 1990 இல் ஒரு இரவில் யாரோ கண்டுபிடித்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஏற்கனவே எங்கள் கிணற்றடியில் இருந்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த மெசின்கள் பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டவைதான். கடலில் மீனவரின் வெளியிணைப்பு எஞ்சினும் அதே முறைதான். இங்கிலாந்தில் பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. தோட்டக்காரனும் மீனவனும் தெரிந்து வைத்திருந்ததை, இல்லாமை வந்தபோது கராஜ்காரர்கள் காருக்குக் கொண்டுபோனார்கள். வரலாற்றில் பல கெட்டித்தனங்கள் இப்படித்தான். கஷ்டம் வரும்போது புதிதாக முளைப்பதைவிட, கைப்பழக்கமாக இருந்த ஒன்று இடம் மாறி வேலை செய்வதுதான் அதிகம்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களும் ஓடினார்கள், ஆனால் நாலரை மாதம்தான்.

சோனகதெருவில் இரும்புக்கடை, பழைய இரும்பு வியாபாரம், தையல், இறைச்சிக்கடை, லொறித் தொழில் என்று வாழ்ந்தவர்கள் எங்கள் மூத்தவர்கள். என் வாப்பா அப்போது ஒரு லொறியில் கிளீனர். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து, சாரதிக்கு முதலே லொறியைத் தயார்பண்ணுவது அவர் வேலை. தண்ணீரைச் சுடவைத்து ரேடியேற்றருக்குள் ஊற்றினால் இரும்பு இளகும், பிறகு தள்ளினால் பற்றும் என்பார். தள்ளுவதற்குப் பக்கத்துத் தெருத் தமிழ்ப் பொடியன்கள் வருவார்களாம். "அவங்கட கார் நிண்டால் நாங்கள் போவம், எங்கட லொறி நிண்டால் அவங்கள் வருவாங்கள்" என்று சொல்வார். அந்த இடத்தில் அவருடைய கதை நின்றுவிடும்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடும் கடையும் வாகனமும் இங்கேயே நின்றன.

நான் புத்தளத்தில் பிறந்தவன். வாப்பா கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் நாள் கூலிக்கு நின்றார். அங்கேயும் தண்ணீர் இறைக்கும் மெசின். ஒரு மூடி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். முதலாளி ஆச்சரியப்பட்டுக் கேட்டாராம், "யாழ்ப்பாணத்தான், இதெல்லாம் எங்க பழகினாய்?" என்று. யாழ்ப்பாணத்தான் என்று தன்னைக் கூப்பிட்டது அங்கேதான் என்று வாப்பா சிரிப்பார்.

இன்னொன்றையும் எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இராணுவம் நெருங்க மழைக்குள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். சைக்கிளிலும் கால்நடையாகவும் உழவு இயந்திரத்திலும் மண்ணெண்ணெய்க் காரிலும் ஒரே வீதியால் போனார்கள். அந்த இரவில் நின்றுபோன வாகனத்தைத் தள்ளியவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டு ஒக்டோபர் 30 உம் ஒன்றல்ல. காரணங்கள் வேறு, திரும்பி வந்த விதமும் வேறு. எங்களில் வந்து குடியேறியவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்த நிமிடம் இரண்டு பேருக்கும் தெரியும்.

மண்ணெண்ணெய்க் கார்களின் கதையைப் பெருமையாகச் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். அதே நேரம், அந்தக் காலையில் தள்ள வந்த கைகளில் சில பிறகு ஏன் வரவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்ட பிள்ளையில் பிழை இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் 1995 ஐ யாரும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கையும். 2022 எரிபொருள் நெருக்கடியில் சிலர் பழைய கதையைக் கேட்டுப் புது வாகனங்களுக்கு மண்ணெண்ணெய் விட்டார்கள். இப்போதைய டீசல் பிக்கப்புகளின் பம்பும் விசிறிகளும் மிக உயர்ந்த அமுக்கத்தில் வேலை செய்பவை. மசகில்லாத எண்ணெய் அவற்றை அழித்துவிடும். குளோ பிளக் உள்ள எஞ்சினின் காற்று வழியில் பெற்றோல் விசிறுவதும் ஆபத்து, நேரம் தவறிப் பற்றும். காலையில் வெள்ளைப் புகை வந்தால் குளோ பிளக்கையும் பற்றரியையும் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் இப்போது மலிவும் இல்லை. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை எங்கள் மீனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் அல்லது அயலில் 1990 இல் வாகனம் ஓட்டிய, திருத்திய, தள்ளிய ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதிவர வேண்டும். எதை விட்டு ஓட்டினீர்கள்? காலையில் எப்படித் தொடக்கினீர்கள்? தள்ள யார் வந்தார்கள்? உங்களிடமும் வருவார்கள். மூன்றாவது கேள்விக்குப் பெயர் பெயராகச் சொல்லுங்கள். சோனகதெருப் பெயர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கிற எங்கள் மூத்தவர்களிடம் நான் கேட்டு எழுதுகிறேன். கராஜ் மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்தக் கொப்பி நிரம்ப வேண்டும்.

பிந்தி வந்த மாணவனின் கொப்பி நேற்று வந்தது. மூன்றாவது கேள்விக்கு அவனுடைய அம்மப்பா நாலு பெயர் சொல்லியிருக்கிறார். அதில் இரண்டு முஸ்லிம் பெயர். ஒன்றுக்குப் பக்கத்தில், "இப்ப எங்கை எண்டு தெரியாது. தெரிஞ்சால் சேரை விசாரிக்கச் சொல்லு" என்று எழுதியிருக்கிறது. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.