ஊரை ஒட்டி வாழ்ந்த கூகை

சங்கப் பாடல்களில் கூகை என்னும் ஆந்தை, ஆளரவமற்ற காட்டுக்கு உரிய பறவையாக மட்டுமன்றி, குடியிருப்பை ஒட்டி வாழ்ந்து ஊராருக்கு நன்கு அறிமுகமான பறவையாகவும் காட்சி தருகிறது. பெருந்தேவனார் பாடிய நற்றிணை 83-ஆம் பாடலில், ஊர் வாயிலில் உள்ள உண்துறையை, அதாவது மக்கள் நீருண்ணும் துறையை, ஒட்டித் தெய்வம் உறையும் முதுமரம் ஒன்றில் நெடுநாளாக வாழும் கூகையைத் தோழி நேரில் விளித்து, இரவில் தலைவன் வரும் வேளையில் அச்சமூட்டும்படி குழறாதிருந்தால் ஆட்டிறைச்சி சேர்த்து நெய்யிட்டுச் சமைத்த வெண்சோற்றையும் வெள்ளெலிச் சூட்டிறைச்சியையும் படைப்பதாக வேண்டுகிறாள். கூகையின் குரல் அச்சம் தருவது என்பதும், அதன் விருப்ப உணவு எலி என்பதும் அக்காலத்தவருக்கு ஒருங்கே தெரிந்திருந்தன என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.

அச்சத்தின் மறுபக்கம், கூகைக்கோழியார் பாடிய புறநானூறு 364-ஆம் பாடலில் புலப்படுகிறது. அங்கே முதுமரப் பொந்திலிருந்து கூகை குரலெழுப்பும் இடம், இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைக்கும் காடாகும். உண்துறை, இடுகாடு ஆகிய இவ்விரு இடங்களுக்கும் பொதுவாக அமைவது முதுமரமே. மரங்களில் வாழும் ஆந்தைகளுள் பல தாமாகக் கூடு கட்டாமல் இயற்கைப் பொந்துகளை நாடுபவை. பெரிய பொந்து விழுவதற்கு மரம் முதிர வேண்டும். வெட்டுவாரின்றி மரம் முதிர்வதோ பெரும்பாலும் தெய்வத்துக்கும் இறந்தோருக்கும் ஒதுக்கப்பட்ட நிலங்களில்தான். எனவே, சாக்குருவி என்று ஆந்தையைப் பழிக்கும் பிற்கால வழக்குக்கு அதன் குரலைப் போலவே வாழிடமும் காரணமாகியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. எனினும் இப்பழி முழுமையானதன்று. பறவைகளின் செயல்களைக் கொண்டு நல்ல வேளை, தீய வேளை கணிக்கும் பஞ்சபட்சி சாத்திரம், வல்லூறு, காகம், கோழி, மயில் ஆகியவற்றுடன் ஆந்தையையும் வேறுபாடின்றி ஐந்தில் ஒன்றாகவே கொள்கிறது.

இன்றைய பறவை நூல்கள் கூகை என்ற பெயரை, இதய வடிவ வெண்முகம் கொண்ட இனத்துக்கு வழங்குகின்றன. மரப்பொந்துகளுடன் கோபுர மாடங்கள், பாழடைந்த கட்டடங்கள், கிணற்றுச் சுவர்களின் குழிவுகள் ஆகியவற்றிலும் இது தங்குகிறது. மனிதர் தானியம் விளைவித்துச் சேர்க்கும் இடத்தில் எலி பெருகுவதும், எலி பெருகும் இடத்தைக் கூகை நாடுவதும் இந்த அண்மைக்கு அடிப்படை. இதன் இரு செவித்துளைகளும் ஒரே மட்டத்தில் அமையாததால், ஒலி இரு செவிகளையும் அடைவதில் உண்டாகும் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடத்தை இது கண்டறிகிறது.

மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் ஆய்வாளர்கள், கூகை செரிக்க இயலாமல் உமிழும் எலும்பும் மயிரும் சேர்ந்த உருண்டைகளைப் பிரித்து ஆராய்ந்து, அதன் உணவில் வயல் எலிகளே மிகுதி என்று காட்டினர். நெல்வயலில் குறுக்குச்சட்டம் பொருத்திய கம்புகளை நட்டு, ஆந்தைகள் இரவில் அமர்ந்து வேட்டையாட வழிசெய்யும் முறையும் எலிக் கட்டுப்பாட்டுப் பரிந்துரைகளில் இடம்பெற்றுள்ளது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. ஆயினும் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவற்றைக் காத்து வந்தது, முதுமரத்தை வெட்டத் துணியாத அச்சமே என்பதால், சாலை விரிவாக்கத்துக்காகவும் மனைப்பிரிவுகளுக்காகவும் அம்மரங்கள் வீழ்த்தப்படும் இக்காலத்தில், பறவையைக் காக்கும் சட்டம் அதன் பொந்தையும் காத்தால்தான் நிறைவுபெறும்.