படுகர் மலையேறிய காலம்: 1565 என்னும் ஆண்டுக்கு ஒரு மறுப்பு

துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் சாலையோரக் குடியிருப்புகளில் படுக மொழிப் பேச்சு கேட்பது இன்று புதுமையல்ல. படுகரின் முன்னோர் மலையேறிய காலம் எது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை 1565. தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சரிந்தது, தென்மைசூர்க் குடியானவர்கள் நீலகிரியில் தஞ்சம் புகுந்தனர் என்பது அதன் சுருக்கம்.

இந்தக் கருத்துக்கு ஆய்வுலகில் நிலைபேறு தந்தவர் பால் ஹாக்கிங்ஸ். படுகரைத் தொன்மையான இந்து அகதிகள் என்று தலைப்பிலேயே அழைக்கும் அவரது 1980ஆம் ஆண்டு நூல், அவர்களின் சமூக வரலாற்றை 1550இல் தொடங்குகிறது. கிறிஸ்டியான் பீலோ-ரைச்சூருடன் இணைந்து 1992இல் அவர் தந்த படுக மொழி அகராதி இல்லாமல் இத்துறையில் யாரும் ஓரடி வைக்க முடியாது. எனவே மறுப்பு அந்த உழைப்பின் மீதன்று, அகதி என்ற சட்டகத்தின் மீதே. சீனப் பேரரசின் பிடிக்கு விலகி மலையேறியவர்களாக மோங் மக்களை ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் விளக்கினார். அந்த விளக்கம் அங்கே எவ்வளவு பொருந்தினாலும், மலைவாழ்வோர் எல்லாரும் எதற்கோ அஞ்சி ஓடியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதல் இடர் கால இடைவெளி. பழைய கிறித்தவர்கள் மலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கோழிக்கோட்டிலிருந்து ஏறிய இயேசு சபைப் பாதிரியார் பினிசியோ, 1603இலேயே அங்கே படுகர் ஊரைக் காண்கிறார். 1565இலிருந்து 38 ஆண்டுகள்தாம். காடு திருத்தி, ஊர் அமைத்து, தோதவரோடும் கோத்தரோடும் குறும்பரோடும் கொடுக்கல் வாங்கல் முறைகளை நிலைநாட்ட ஒன்றரைத் தலைமுறை போதுமா? இரண்டாவது இடர், பெண் கேட்ட முஸ்லிம் மன்னனுக்கு அஞ்சி வந்தோம் என்னும் குலக்கதை. தலைக்கோட்டைக்குப் பின்னும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரப் பிரதிநிதியே இருந்தார். 1610இல் அது ராஜ உடையார் கைக்குப் போயிற்று. பீஜப்பூர்ப் படை அங்கு வந்தது 1630களின் இறுதியில், அதாவது பினிசியோ வந்து போன பிறகு. கதையிலுள்ள மன்னன் ஐதர், திப்பு காலத்து நினைவிலிருந்து பின்னோக்கி நுழைந்தவன் என்றே நான் கருதுகிறேன்.

இனி, சாமராஜநகர்க் கல்வெட்டு. ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் 1117இல் வெட்டுவித்த இது, நீலமலையைப் பெயர் சொல்லிக் குறிக்கும் மிகப் பழைய சான்று. தோதவரை அஞ்சவைத்தான், கொங்கரை ஒளியச் செய்தான், பொலுவரைக் கொன்றான், மலையாளரை அழித்தான், நீலமலையில் புகுந்தான் என்று வெற்றிகள் அடுக்கப்படுகின்றன. படுகர் இல்லை. அவர்கள் அப்போது மலையிலேயே இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளத் தோன்றும். ஆனால் கோத்தரும் குறும்பரும் இருளரும்கூட அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக இவர்கள் 1117க்குப் பின் வந்தவர்கள் என்று யாராவது சொல்வார்களா? மேலும் இது குடிக்கணக்கு அன்று, பகைவர் பட்டியல். கன்னடம் பேசும் ஹொய்சளக் குடிகள் யாரேனும் மலையில் இருந்திருந்தால், அவர்களுக்கு இதில் இடம் கிடைத்திராது. கல்வெட்டின் மௌனம் இரு பக்கத்துக்கும் உதவாது.

ஆனால் அது பேசும் செய்தி ஒன்று உண்டு: மைசூர்ப் பீடபூமிக்கும் நீலகிரிக்கும் இடையே வழி அப்போதே திறந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டில் தண்ணாயக்கன்கோட்டையிலிருந்து ஆண்ட மாதவ தண்டநாயகன் நீலகிரியை அடக்கியவன் என்ற பட்டம் சூடினான். (கோட்டை இப்போது பவானிசாகர் நீருக்கடியில்.) அடுத்து உம்மத்தூர்த் தலைவர்களும் அம்மலைக்கு உரிமை கொண்டாடினர். படையும் வரிக்காரரும் போன வழியில் நூற்றாண்டுகளாக உழவர் மட்டும் போகாதிருந்தனர் என்பது நம்பத்தக்கதாக இல்லை.

இந்த ஊகத்துக்கு மொழி முழுத்துணை தராது. கன்னடப் பகரம் ஹகரமாகத் திரிந்தது 10ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி 14க்குள் பரவலாயிற்று; படுக மொழியிலும் ஹட்டி, ஹாலு என ஹகரமே ஒலிக்கிறது. மிக முற்பட்ட பிரிவுக்கு இது எதிர்ச்சான்று. மறுபுறம், வாய், வளையல், பயிர் மூன்றையும் உயிரொலியின் நாமடி வளைவு ஒன்றாலேயே வேறுபடுத்தும் முறையை மொழியியலாளர் எமனோ 1939இல் பதிவு செய்தார். கன்னடத்தில் இல்லாத இத்தகைய வேறுபாடு உருவாகக் கணிசமான காலம் வேண்டும். ஆயினும் அதை ஆண்டுக்கணக்காக மாற்றும் அளவுகோல் கிடையாது.

படுகர் என்ற பெயரையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 1544இல் பரதவர் கரையைத் தாக்கிய விஜயநகரத்துப் படையினரையும் இயேசு சபைப் பாதிரியார் சேவியரின் கடிதங்கள் இதே பெயரால் சுட்டுகின்றன. வடக்கிலிருந்து வந்த யாருக்கும் பிறர் இட்ட பெயர் அது. உடையர், ஹாருவர், அதிகாரி, கணக்கர், கவுடர், தொரையர் என்ற உட்பிரிவுகளும் ஒரே நாளில் ஒரே கூட்டமாக வந்தவர்களைக் காட்டவில்லை. பல காலத்தில் வந்த குடிகள் மலைமேல்தான் படுகர் ஆயினர் என்பது என் முடிபு. 1603 உறுதியான கீழெல்லை. மேலெல்லை 12ஆம் நூற்றாண்டுக்கும் 16க்கும் இடையே எங்கும் விழலாம்.

2011 கணக்கெடுப்பு ஏறத்தாழ 1.33 இலட்சம் படுக மொழியினரைக் கன்னடத்தின் கீழ் எண்ணியது. தமிழக அரசுப் பட்டியலில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். பழங்குடிப் பட்டியலில் இடம் கேட்கும் அவர்களின் கோரிக்கையை ஏற்பதோ மறுப்பதோ வேறு அடிப்படைகளில் நடக்கட்டும். 1565 அதற்குச் சான்றாகாது.