தண்ணீர் வகுத்த மலைப்பாதை

ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் வாதி கலீலா பள்ளத்தாக்கிலிருந்து செங்குத்தாக மேலேறும் ஒரு தடத்துக்கு மலையேறிகள் 'சொர்க்கப் படிக்கட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முழு நாளை விழுங்கும் ஏற்றம் அது. செப்பனிடாத காட்டு வழி போலவே அது தோன்றலாம். ஆனால் பாறை விளிம்புகளில் தட்டைக் கற்களை அடுக்கிப் படியாக்கியது மனிதக் கை. இம்மலைகளில் வாழ்ந்த ஷிஹூ மக்கள் வயலுக்கும் வீட்டுக்கும் போய்வந்த வழி அது. அதில் நடக்கத் திட்டமிடுபவர் உயரத்தையும் தூரத்தையும் கணக்கிடுவதற்கு முன் அவர்களுடைய ஆண்டுக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கைத் தீர்மானித்தது தண்ணீர்தான்.

வெயில் காலத்தில் மேட்டுக்கு ஏறுவதுதான் மலை மக்களின் பொது வழக்கம். காஷ்மீரின் பக்கர்வால் இடையர்களும் அப்படித்தான். அமீரகத்துக்கும் ஓமானின் முசந்தத்துக்கும் பொதுவான இந்த ருவூஸ் அல் ஜிபால் மலைகளில் நிலைமை நேர்மாறு. குளிர்கால மழையை நம்பி, கல்வரப்பு கட்டிய சிறு வயல்களில் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள். கோடை வந்ததும், அனல் பறக்கும் கடற்கரைக்கே இறங்கினார்கள். இது சுண்ணாம்புப் பாறை மலை, பெய்த நீர் பிளவுகளில் இறங்கி மறைந்துவிடும். வழிந்தோடும் மழைநீரை 'பிர்கா' எனும் தொட்டிகளில் பிடித்து வைத்ததுதான் இருப்பு. இறங்கும்போது தானியத்தை 'பைத் அல் குஃப்ல்' என்ற பூட்டு வீட்டில் வைத்தார்கள். பாதி நிலத்துக்குள் புதைந்த, தடித்த கல்சுவர் வீடு அது. குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே இருக்கும் தாழிகள் வாசலைவிடப் பெரியவை. நம் ஊர் நெற்குதிர் போன்ற அந்தத் தாழிகளை வைத்துவிட்டுத்தான் சுவரை எழுப்பியிருக்கிறார்கள்.

பேரீச்சை அறுவடைக்கும் மீன்பிடிப்புக்கும்தானே இறங்கினார்கள், தண்ணீரை ஏன் காரணமாக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த வருமானத்தின் ஈர்ப்பு உண்மைதான். ஆனால் ஓமானின் ஜெபல் அக்தரைப் பாருங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள சைக் மேட்டில் ஊற்றுநீரைக் கால்வாயில் கொண்டுவந்து மாதுளையும் ரோஜாவும் வளர்க்கும் ஊர்கள் ஆண்டு முழுவதும் குடியிருப்போடு நிலைத்தன. கீழே சமவெளியில் பேரீச்சை அங்கும் உண்டு. ஊற்று இருந்த மலையில் ஊர் தங்கியது, தொட்டியை நம்பிய மலையில் ஊர் இடம்பெயர்ந்தது. உயரமோ வெப்பமோ மட்டும் காரணமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

இன்று ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது, 2018 முதல் 2.83 கிலோமீட்டர் நீளக் கம்பிவடச் சறுக்கும் (ஜிப்லைன்) உண்டு. சாலை வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயாளியைச் சுமந்துகொண்டு இறங்கிய மக்களுக்கு அதன் அருமை தெரியும். பழைய தடங்களுக்கு மட்டும் பழைய விதி மாறவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரைதான் ஏறத் தகுந்த காலம். அப்போது பகல் சுருக்கம், டிசம்பரில் ஏறத்தாழ பத்தரை மணி நேரமே வெளிச்சம் இருக்கும். ஆகவே விடியுமுன் புறப்படுங்கள். மழை அறிகுறி தெரிந்தால் வாதி எனும் பள்ளத்தாக்குக்குள் இறங்காதீர்கள். ஆளில்லாத பிர்காக்களை நம்பாமல் நாள் முழுவதற்குமான குடிநீரைச் சுமந்து செல்லுங்கள். வழியில் பூட்டு வீடு தென்பட்டால் அதன் சுவரிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.