முதல் நாளின் விலை

'புதுசு வருதாம் மாமா, வந்த அன்னைக்கே வாங்கிடணும்' என்றான் அக்கா மகன். வீடியோ கேம் கன்சோலைப் பற்றித்தான் பேச்சு. பாதிப் பணம் அக்கா போட வேண்டும், மீதி நான். வாங்குவதா வேண்டாமா என்பதல்ல அவன் கேட்டது. முதல் நாளே வாங்க வேண்டும் என்பதுதான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பண்டத்தோடு சேர்த்து ஒரு நாளும் விற்கப்படுகிறது என்றால், அது நாம் பேச வேண்டிய விஷயம்தான்.

'முதல் நாள்' நமக்குப் புதிதல்ல. முதல் நாள் முதல் காட்சிக்குக் கூடுதல் காசு கொடுத்து முண்டியடித்துப் போகிறவன் பார்ப்பது முடிந்துபோன ஒரு படத்தை. ஐம்பதாவது நாள் போகிறவனும் ஏறத்தாழ அதே படத்தைத்தான் பார்க்கிறான். கன்சோல் அப்படியல்ல. முதல் நாளில் அது பாதிதான். அதில் ஓட வேண்டிய விளையாட்டுகள் பிறகுதான் வரும், பழுது பிறகுதான் தெரியும், விலையும் பிறகுதான் இறங்கும். ஆக, முதல் நாள் விற்கப்படுவது ஒரு வாக்குறுதி. அதை வாங்குகிறவனை நுகர்வோன் என்று சொல்வதைவிட வட்டியில்லாமல் கடன் கொடுத்தவன் என்று சொல்வதே பொருத்தம்.

வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது. 1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வருவதாக இருந்த சாட்டர்ன் கன்சோல் இன்றே விற்பனைக்கு வந்துவிட்டது என்று சேகா நிறுவனம் அறிவித்தது. விலை 399 டாலர். அன்றைக்கே சோனி தன் பிளேஸ்டேஷனுக்கு அறிவித்த விலை 299. அந்த ஆண்டு முடிவதற்குள் சாட்டர்னும் 299க்கு இறங்கிவிட்டது. ஓடிப்போய் வாங்கியவர்கள் சில மாத அவசரத்துக்கு 100 டாலர் கொடுத்திருந்தார்கள்.

2011இல் நிண்டெண்டோவின் 3டிஎஸ் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 15,000 ஆயிற்று. தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முதலில் வாங்கியவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசம். கூடவே 'தூதர்' என்றொரு பட்டம். நட்டப்பட்டவனுக்குப் பதவி கொடுத்துச் சமாதானம் செய்யும் இந்தச் சொல்லாடல் தனியாக ஆராயத்தக்கது.

பழுதின் கதை வேறு. 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோவது பெருகியபோது, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் கடைசியில் கொடுத்ததுதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் பரிசோதனைக்கூடமாக இருந்தது வாங்கியவன் வீட்டுக் கூடம்.

அப்படியானால் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று முடித்துவிடலாமா? முடியாது. எல்லோரும் பொறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1999 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு 199 டாலருக்கு வந்தது. நல்ல கன்சோல் என்று பேரும் எடுத்தது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே சோனி பிளேஸ்டேஷன் 2 பற்றி அறிவித்துவிட்டிருந்தது. டிவிடியும் ஓடுமாம் என்று பலர் காத்திருந்தார்கள். 2001 ஜனவரியில் ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. காத்திருந்தவர்கள் புத்திசாலிகள்தான், ஆனால் நம்பி வாங்கியவர்களின் இழப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பின்னால் வருகிறவனுக்குக் கிடைக்கும் மலிவு விலை முன்னால் போனவன் சுமந்த நட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று. விலை இறங்கும் என்பதே இயற்கை விதி அல்ல. சில்லுகள் சிறுத்துச் செய்கூலி குறைந்த ஒரு காலகட்டத்தின் விதி அது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2009இல் 99. அந்தக் காலகட்டம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் அங்கே 549 ஆயிற்று. அதே 2020இல் 499க்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2025 அக்டோபரில் 649. இந்தியாவிலும் பிளேஸ்டேஷன் 5 இறங்கவில்லை: 2021இல் 49,990 ரூபாய், 2023இல் 54,990. பொறுத்தவன் இந்த முறை கூடுதலாகக் கொடுத்தான்.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் போலிகள் பதினைந்து ஆண்டு கழித்து எங்கள் ஊருக்கு வந்தன. 'டிவி கேம்' என்போம். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, யார் வீட்டுத் திண்ணையிலோ முறைக்குக் காத்திருந்து மரியோ விளையாடினோம். முதல் நாள் என்ற ஒன்று எங்களுக்கு இருந்ததேயில்லை. இதைச் சொல்லி, 'நாங்கல்லாம் பொறுமையா இல்லையா?' என்று அவனிடம் கேட்டேன். 'நீங்க பொறுமையா இல்ல மாமா, உங்ககிட்ட காசு இல்ல' என்றான். அது சரி. இல்லாமையை அறமாக மாற்றிப் பேசுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை அப்புறம்தான் கேட்டேன்: 'வந்த அன்னைக்கு அதுல நீ என்ன விளையாடுவ?' யோசித்தான். அவன் ஆசைப்படும் விளையாட்டு வர இன்னும் பல மாதம் ஆகும். அதுவரை விளையாடப் போவது இப்போது கையில் இருக்கும் பழைய கன்சோலில் ஓடுகிற அதே விளையாட்டுகளைத்தான். வரப்போவதை நம்பி அல்ல, வந்திருப்பதைப் பார்த்து வாங்குவோம். அந்த விளையாட்டு வெளிவரும் நாளில் வாங்குவோம் என்று முடிவாயிற்று.

'அதுக்குள்ள விலை ஏறிட்டா?' என்றான்.

நியாயமான கேள்வி. காத்திருக்கச் சொன்னது நான். நட்டம் அவனுடையதாக இருக்கக் கூடாது. ஏறினால் அந்த வித்தியாசத்தை நானே போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.