விசா சிக்கலில் பிறந்த 'கலா'... உறுமியும் ராக்கும் கலந்த எம்.ஐ.ஏ. ஆல்பத்தின் கதை என்ன?

'ஸ்லம்டாக் மில்லியனர்' பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டு நினைவிருக்கும். ரயிலில் சுற்றும் அண்ணன் தம்பி, பின்னணியில் துப்பாக்கிச் சத்தம், கூடவே கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம்தான் 'கலா'. 2007 ஆகஸ்டில் வெளியானது.

யார் இந்த எம்.ஐ.ஏ.?

முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்ச்சூழலில் 1986-ல் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பினார். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்' என்று பெயர் வைத்தார். இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர்: கலா.

விசா கிடைக்காததால் என்ன ஆச்சு?

அமெரிக்காவில், பிரபல தயாரிப்பாளர் டிம்பலண்டோடு சேர்ந்து வேலை செய்வதுதான் முதல் திட்டம். ஆனால் விசா சிக்கலால் அது நடக்கவில்லை. சும்மா உட்காரவில்லை எம்.ஐ.ஏ. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று கிளம்பிவிட்டார். போன இடத்திலெல்லாம் ரெக்கார்டிங். கூட இருந்து இசையைத் தொகுத்தவர்களில் முக்கியமானவர் லண்டன் டிஜே ஸ்விட்ச்.

ஒரே ஆல்பத்தில் இத்தனை இசையா?

அடிப்படையில் இது கணினியில் உருவான எலக்ட்ரானிக் நடன இசை. அதற்குள் என்னென்ன இருக்கு தெரியுமா?

• பாய்ஸ், பேர்ட் ஃப்ளூ: நம்ம ஊர் திருவிழாவில் உறுமுற அதே உறுமி மேளம், சென்னையில் பதிவானது. 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' படப் பாட்டின் துண்டும் உண்டு.

• பேம்பூ பங்கா: 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து இளையராஜா இசை. கூடவே அமெரிக்க ராக் பாடலான 'ரோட்ரன்னர்' சாயல்.

• 20 டாலர்: 'பிக்ஸீஸ்' ராக் குழுவின் பாடல் வரிகள் வேறு தாளத்தில்.

• ஜிம்மி: 'டிஸ்கோ டான்சர்' படத்தில் பப்பி லஹிரி இசையமைத்த பாட்டின் புது வடிவம்.

• மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்: ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ராப்.

துப்பாக்கிச் சத்தம் ஏன் சர்ச்சையானது?

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடித்தளம், பிரிட்டன் ராக் குழுவான 'தி கிளாஷ்' 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. அதுவும் குடியேறிகளை ஒதுக்குவது பற்றிப் பேசிய பாட்டுதான். 'வெளிநாட்டுக்காரன் வந்தாலே திருட வந்திருக்கான், சுட வந்திருக்கான்' என்று சந்தேகப்படும் பார்வையைத்தான் எம்.ஐ.ஏ. கிண்டல் செய்தார். ஆனால் அமெரிக்க டிவியில் துப்பாக்கிச் சத்தத்தையே மறைத்து ஒலிபரப்பினார்கள். கிண்டலே அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

பிறகு நடந்தது என்ன?

எந்த நாட்டின் விசாவுக்காகக் காத்திருந்தாரோ, அதே அமெரிக்காவில் 2008-ல் பாட்டு பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ம் இடம் பிடித்தது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2007-ன் சிறந்த ஆல்பமாக 'கலா'வைத் தேர்வு செய்தது. 2009 பிப்ரவரியில் நிறைமாத கர்ப்பிணியாக கிராமி மேடை ஏறினார். ஏ.ஆர்.ரஹ்மானுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஓ சாயா' பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

முதலில் எதைக் கேட்கலாம்?

'பாய்ஸ்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். வார்த்தை புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மேளம் நமக்குப் பழக்கமானதுதான். அடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்'. துப்பாக்கிச் சத்தம் வரும்போது, விசா வரிசையில் நிற்கும் ஒருவரை மனசில் வைத்துக் கேளுங்கள். பாட்டு வேறு மாதிரி கேட்கும்.